ரக்சி ஓடின இசையமைப்பாளர்

என்னோடு படிக்கிற ஒருத்தி வயலின் வாசிப்பாள். இப்ப பின்னேரங்களில் ரியூசன் கொடுக்கிறாள். மூன்று மாதமாக வயலின் பெட்டி திறக்கவில்லை. "பிலிப் கிளாஸ் எவ்வளவு பெரிய இசையமைப்பாளர், அவரே ரக்சி ஓடினவர். கஷ்டப்பட்டாத்தான் கலை வரும்" என்று சீனியர் அண்ணா ஒருவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

ரக்சிக் கதை உண்மை. அதிலிருந்து எடுத்த பாடம்தான் பிழை.

கிளாஸ் 1937இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். தகப்பன் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். விற்காத இசைத்தட்டுகள் வீட்டுக்கு வரும். மகன் அதைக் கேட்டு வளர்ந்தார். பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம், நியூயோர்க்கில் ஜூலியார்ட் இசைக் கல்லூரி. அதுவும் போதாமல் 1964இல் புலமைப்பரிசில் பெற்று பாரிஸுக்குப் போய் நடியா பூலான்ஜேயிடம் படித்தார். ஜூலியார்ட் முடித்த ஆளை அந்த அம்மா திரும்பவும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வைத்தார். பாரிஸிலேயே ரவிசங்கரின் திரைப்பட இசையை மேற்கத்தேய சுரக்குறிப்பில் எழுதிக் கொடுக்கும் வேலையும் கிடைத்தது. சின்னச் சின்ன தாள அலகுகளைக் கூட்டிக் கூட்டி இசையை வளர்க்கும் யோசனை அவருக்கு அங்கேதான் பிடிபட்டது.

குழாய் வேலையும் ரக்சியும் நியூயோர்க்குக்குத் திரும்பின பிறகு. 1976இல் 'ஐன்ஸ்டீன் ஒன் த பீச்' என்ற அவருடைய ஒபேரா அங்குள்ள மெற்றோபொலிற்றன் அரங்கில் சபை நிறைய மேடையேறியது. மிஞ்சினது கடன். பிறகும் ரக்சிதான். 1978இல் நெதர்லாந்திலிருந்து ஒபேரா எழுதித் தரச்சொல்லி வந்த அழைப்பும் ரொக்பெல்லர் நிதியுதவியும்தான் அவரை அதிலிருந்து இறக்கின. காந்தியின் தென்னாபிரிக்கக் காலத்தைச் சொல்லும் 'சத்யாகிரகா' அப்படித்தான் 1980இல் ரொட்டர்டாமில் அரங்கேறியது.

ரக்சி ஓடினது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. அது சோறு போட்டது, அவ்வளவுதான். எழுதப் பழக்கினது பூலான்ஜேயும், பாரிஸில் இருக்க விட்ட புலமைப்பரிசிலும். நாங்கள் இதையெல்லாம் வெட்டிவிட்டு ரக்சியை மட்டும் வைத்துக் கதை சொல்கிறோம். அப்படிச் சொன்னால் யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லையே!

என் சிநேகிதிக்குக் கஷ்டம் ஏற்கனவே தாராளமாக இருக்கிறது. இல்லாதது பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலமும், பிழையைப் பிடித்துச் சொல்ல ஒரு ஆசிரியரும். அண்ணா, அடுத்த முறை கதையை முழுசாச் சொல்லுங்கோ.