வக்கீல் இல்லாதவனுக்கு வழக்கு இல்லையா?

சென்ற மாதம் மாவட்ட நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஒரு சகோதரருடன் துணைக்குப் போயிருந்தேன். சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். பிரசவத்துக்குச் சேர்த்த மனைவியை மூன்றாம் நாள் ஜனாஸாவாகத் தூக்கி வந்தவர். வக்கீல் வைக்க வசதியில்லை. தன் வழக்கைத் தானே நடத்துகிறார். எதிரில் மருத்துவமனைக்கு ஒரு வக்கீல், டாக்டருக்கு ஒரு வக்கீல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்னொரு வக்கீல். இவர் கையில் ஒரு மஞ்சள் பை.

"இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று நர்ஸிடம் ஐந்து முறை சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "மருத்துவ நிபுணர் கருத்து தாக்கல் செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. வாய்தா போட்டு அனுப்பிவிட்டார்கள். கடையை அடைத்துவிட்டு அவர் வந்தது அது ஏழாவது முறை.

டாக்டர் தவறு செய்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே நீதிமன்றம்? கண்டுபிடிக்கும் வேலையையும் மளிகைக் கடைக்காரர் தலையிலேயே சுமத்தினால் என்ன நியாயம்?

சட்டம் என்னவோ தாராளமாகத்தான் இருக்கிறது. பணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. (எல்லோருக்கும் இலவசமாக மருத்துவம் செய்யும் அரசு மருத்துவமனை இதில் வராது.) வக்கீல் தேவையில்லை, நாமே வாதாடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 15 நாள். கூடியவரை மூன்று மாதத்தில் தீர்ப்பு! படிக்க இனிக்கிறது. ஏழாவது முறையாகக் கடையை அடைத்தவரிடம் படித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

தானே வாதாடி வென்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். டாக்டர் குணால் சாஹா. அமெரிக்காவில் வசிக்கும் இந்தியர். 1998-ல் விடுமுறைக்குக் கொல்கத்தா வந்தபோது அவர் மனைவி அனுராதாவுக்குத் தோலில் தடிப்பு ஏற்பட்டது. அளவுக்கு மீறி ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அந்த மே மாதமே அவர் இறந்துபோனார். தேசிய ஆணையம் 2006-ல் புகாரைத் தள்ளுபடி செய்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அலட்சியம் நடந்தது உண்மை என்றது. 2013-ல் சுமார் ஆறு கோடி ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அவர் தானே நின்று வாதிட்டார்.

அவர் யார் என்பதைக் கவனியுங்கள். அவரே ஒரு டாக்டர். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கொரு தடவை என்று படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர். அவருக்கே 15 ஆண்டுகள் ஆயின! ஜவுளிக் கடையில் நிற்கும் நம் தம்பிக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

ஆந்திராவில் இன்னொரு வழக்கு. 2002-ல் குளிர் காய்ச்சலோடு மனைவியை ஒரு மருத்துவமனையில் சேர்த்தார் ஒருவர். டைபாய்டு என்று சொல்லி அதற்கே மருந்து கொடுத்தார்கள். இருந்தது மலேரியா. அந்தப் பெண் இறந்துவிட்டார். கணவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? மலேரியா ஒழிப்புத் துறையில்! மாவட்ட மன்றம் இரண்டு லட்சம் தரச் சொன்னது. மேலே போனதும், நிபுணர் சாட்சி இல்லை என்று அதைத் தூக்கி எறிந்தார்கள். கடைசியில் 2010-ல் உச்ச நீதிமன்றம்தான், எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை, கண்ணுக்குத் தெரியும் தவறுக்கு அது எதற்கு என்று சொல்லி இரண்டு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தது.

தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், வக்கீல் இல்லாமல் நிற்பவரிடம் முதலில் கேட்கப்படுவது அதே கேள்விதான். சிக்கலான வழக்குக்கு நிபுணர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்த டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராக நமக்காக வந்து சாட்சி சொல்வார்? அவருக்குக் கட்டணம் யார் கொடுப்பது?

வியாபாரிகளுக்கு இது எளிதில் விளங்கும். கூட்டாளி மோசம் செய்துவிட்டான் என்கிறீர்கள். கணக்குப் புத்தகம் அவன் கல்லாவில் இருக்கிறது. எழுதியவனும் அவனே. அதுவும் உங்களுக்குத் தெரியாத பாஷையில். 'நிரூபியுங்கள்' என்றால் எப்படி நிரூபிப்பீர்கள்? கேஸ் ஷீட் விஷயமும் இதுதான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். வக்கீல் இல்லாமல் ஒருவர் வந்தால், முதல் அமர்விலேயே முழு கேஸ் ஷீட்டையும் தாக்கல் செய்யும்படி மருத்துவமனைக்கு ஆணையமே உத்தரவிட வேண்டும். ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. மனு போடத் தெரியாதவர் மனு போடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நிபுணர் கருத்து தேவையென்றால் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆணையமே வரவழைக்கட்டும், செலவை அரசு ஏற்கட்டும். அந்த அறிக்கை புகார் கொடுத்தவருக்குத் தமிழில் கிடைக்க வேண்டும். அதன்மீது கேள்வி கேட்கவும் அவரை விடவேண்டும்.

இது டாக்டர்களுக்கு எதிரான கோரிக்கை இல்லை. தவறு செய்யாத டாக்டரின் பெயரும் இப்படித்தான் துடைக்கப்படும். இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பதால் இறந்தவருக்கு நீதி கிடைத்துவிடாது. 2008-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உள்ளே போவது நீங்கள்தான். கேஸ் ஷீட்டைக் கேட்க வேண்டிய நாளில் ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள்.

பெரியவர்கள் சிலர், 'அல்லாஹ்வின் நாட்டம், விட்டுவிடுங்கள்' என்கிறார்கள். மவ்த்து அவன் நாட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொலை செய்தவனையும், எடையில் மோசம் செய்பவனையும் நாட்டம் என்று சொல்லி நாம் விடுகிறோமா? மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்று மார்க்கச் சட்ட நூல்களிலேயே பேசப்பட்டிருக்கிறதே!

அரசு செய்யும்வரை ஜமாஅத்துகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மஹல்லாவில் பட்டதாரி இளைஞர்கள் இருவர் போதும். குடும்பம் அழுதுகொண்டிருக்கும்போதே எழுத்து மூலம் கேஸ் ஷீட் கேட்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் கெடு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மளிகைக் கடைச் சகோதரருக்கு இன்னும் கேஸ் ஷீட் கைக்கு வரவில்லை. எழுத்து மூலம் கேட்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையாம். இப்போது மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எட்டாவது வாய்தாவுக்கும் கூடப் போகிறேன்.