வண்டிப்பாட்டையும் மிதிவண்டியும்

திருவண்ணாமலையினின்று கிழக்கே செஞ்சி நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ நடுவிடத்தில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். மேற்கே நோக்கின் 2,600 அடிக்கு மேல் உயர்ந்த அண்ணாமலை தோன்றும். கிழக்கே சென்றால் செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் குன்றுகள் எதிர்ப்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலம் முற்றும் சமவெளியும் அன்று, மலைநாடும் அன்று. ஏரியும் வயலும் மானாவாரிக் கொல்லையும், அவற்றினிடையே யானைகள் படுத்திருந்தாற்போன்ற பாறைக் குன்றுகளும் மாறிமாறி வரும் நிலம் அது. இத்தகைய நிலத்தைக் கண்டு மகிழ ஏற்ற ஊர்தி எது என்று கேட்பின், மிதிவண்டி என்பதே தக்க விடையாகும். பேருந்தில் செல்பவனுக்குக் குன்று கண்ணிற் பட்டு மறையும். நடந்து செல்பவனுக்கு ஒரு நாளில் இரண்டு குன்றுகளே கிட்டும். மிதிவண்டியில் செல்பவனோ, ஏரிக்கரைக் காற்றையும் இழவான். மாலைக்குள் வீடும் திரும்புவான்.

ஆயினும், வண்டி செல்ல வழி வேண்டுமன்றோ? அவ்வழி புதிதாக அமைக்கவேண்டுவதும் அன்று. ஓர் ஊரின் ஏரிக்கரையிற் புகுந்து, மதகைத் தாண்டி, குன்றின் அடிவாரத்தைத் தழுவிச் சென்று, அடுத்த ஊரின் களத்துமேட்டில் முடியும் வண்டிப்பாட்டைகள் இந்நாட்டில் பண்டே அமைந்துள்ளன. அவற்றை வகுத்தவர் பொறியாளர் அல்லர், மாட்டுவண்டி ஓட்டியவர். சுமை இழுக்கும் எருது செங்குத்தான மேட்டில் ஏறாது. ஏறாத எருதை அடிப்பதினும் பாதையை வளைப்பதே எளிது என்று அவர் கண்டனர். ஆதலின் இப்பாட்டைகளில் ஏற்றம் மெல்ல ஏறும். இறக்கம் மெல்ல இறங்கும். எருதின் தோளுக்கு இசைந்த ஏற்றம், மிதிப்பவன் காலுக்கும் இசையும்.

இந்நாள் நிலைமையைச் சிறிது நோக்குதல் வேண்டும். கிருஷ்ணகிரியையும் திண்டிவனத்தையும் இணைக்கும் 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இப்பகுதியின் ஊடே செல்கின்றது. பேருந்தும் சரக்கு வண்டியும் காற்றாய்ப் பறக்கும் அச்சாலையில், மிதிவண்டிச் சிறுவன் ஓரத்து மண்ணில் ஒதுங்கியே செல்கின்றான். தமிழ்நாட்டு அரசு 2001-2002-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் விரிந்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயில்வோர்க்கெல்லாம் உரியதாயிற்று. சிற்றூர்ப் பெண்மக்கள் தொலைவிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்குச் சென்று கற்பதற்கு இது பெருந்துணை புரிந்தது என்பதில் ஐயமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தனர். மிதிவண்டி ஏறிய பெண் பிறர் துணையை நோக்கி நிற்கவில்லை. இவையெல்லாம் நன்று. வண்டி தந்தாயிற்று; அச்சமின்றி அது செல்லும் வழி எங்கே?

வழி இருந்தது, பல இடங்களில் இன்னும் இருக்கின்றது. ஆனால் அது தேய்ந்து வருகின்றது. மாட்டுவண்டி குறைந்தபின், பாட்டையின் இருமருங்கும் உள்ள நிலத்தார் ஆண்டுக்கு ஓர் உழுசால் என்ற அளவில் அதனை உள்ளே இழுத்துக்கொள்கின்றனர். எஞ்சிய இடத்தில் சீமைக் கருவேல் அடர்கின்றது. பாறைக் குன்றுகள் கல்லுக்காக உடைக்கப்படும் இடங்களில், அடிவார வழி லாரிப் பாதையாகிப் புழுதியில் மறைகின்றது. கிராமக் கணக்கில் அ-பதிவேடு என்பதொன்று உண்டு. அதனைப் புரட்டினால், இன்ன புல எண் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். ஏட்டிலுள்ள வழியை நிலத்தில் தேடினால், கரும்பு நிற்கும். அல்லது வேலி நிற்கும். புறம்போக்கு என்ற சொல்லை யார்க்கும் உரியதன்று என்று பொருள் கொள்வோர் பலர். அஃது ஊரார் அனைவர்க்கும் உரியது என்பதே உண்மை. வழக்கிட்டு மீட்பது ஒரு முறை. அதனினும் எளிய முறை, வழியை வழியாகப் பயன்படுத்துவது. நாள்தோறும் பத்துச் சக்கரம் உருளும் பாட்டையில் ஏர் பூட்ட எவரும் கூசுவர்.

இதனை இங்கிலாந்து நாட்டார் நன்கு உணர்ந்திருந்தனர். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள நாட்டுப்புற வழிகளை எல்லாம் படத்தில் வரைந்து நிலைநாட்டினர். 1968-ஆம் ஆண்டு மற்றொரு சட்டம் இயற்றிக் குதிரை செல்லும் வழிகளில் மிதிவண்டியும் செல்லலாம் என்றனர். நடப்பவர்க்கும் குதிரையேறிச் செல்பவர்க்கும் மிதிவண்டி வழிவிடவேண்டும் என்பதே விதி. அந்நாட்டின் தென்பகுதியில், சுண்ணக்கல் மேடுகளின் முதுகில், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளும் ‘தென் டவுன்சு வழி’ அவ்வாறு காக்கப்பட்ட பழவழிகளில் ஒன்று. அங்கு மலை என்று சொல்லத்தக்க உயரம் ஏதுமில்லை; மேடும் பள்ளமும் ஆட்டு மந்தையுமே உள. அவற்றைக் காணவே மக்கள் மிதிவண்டியோடு வருகின்றனர். தொலைவில் தேடுவானேன்? 1968-இல் தோன்றிய ஆரோவில்லின் செம்மண் நிலத்தில் மிதிவண்டிக்கென்றே பாதைகள் அமைத்திருப்பதைப் புதுச்சேரிப் பக்கம் சென்றோர் அறிவர்.

வழியைச் சொல்லி ஆற்றுப்படுத்தும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. அதன் தலைவன் நன்னன், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்டவன். அவ்வூர் திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள இந்நாளைய செங்கம். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு அவ்வூர் செல்லும் வழியைக் கூறுவதாக அந்நூல் அமைந்தது. அவன் கூறும் முறை வியத்தற்குரியது. பாம்பு உறையும் குழிகள் எங்கே, யானையை வெருட்டக் கானவர் எறியும் கவண்கல் எங்கே பாயும், வழுக்கும் நிலம் எங்கே, எவ்வூரார் என்ன உணவு தந்து ஓம்புவர் என்றெல்லாம் அவன் ஒன்றும் விடாது உரைக்கின்றான். வழிகள் கூடிப் பிரியும் இடத்தைத் துப்புரவு செய்து, செல்லும் வழி இது என்று பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் அறிவுறுத்துகின்றான். தன் பயணம் முடிந்தால் போதும் என்று கருதாமல், பின்னே வருபவனை நினைத்த அப்புல்முடிச்சு, இந்நாள் வழிகாட்டிப் பலகைகளுக்கெல்லாம் மூத்தது. கவைவழிகளில் நின்ற நடுகற்களையும் அந்நூல் குறிக்கும். செங்கத்தைச் சூழ நடுகற்கள் பல இன்றும் கண்டறியப்பட்டுள்ளன.

மலைவழிகளில் ஓட்டுவதற்கெனப் பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள தனி வண்டி வேண்டும் என்று சிலர் மலைப்பர். அவ்வண்டி பிறந்த கதையை அறிந்தால் மலைப்பு நீங்கும். 1970-களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், தமல்பாயிசு என்னும் மலையின் பக்கத்து இளைஞர், எவரும் விரும்பாது ஒதுக்கிய பழைய கனத்த மிதிவண்டிகளைத் தேடி எடுத்து, மண்பாதைகளில் இறங்கிப் பழகினர். 1976-இல் அவர்கள் ஒரு பந்தயம் தொடங்கினர். ஒருமுறை மலையினின்று இறங்கியதும் பின்சக்கரக் குடத்திலுள்ள தடுப்புச் சூடேறி, மசகு புகைந்து தீர்ந்துவிடும். மீண்டும் மசகு அடைத்தாலன்றி வண்டி ஓடாது. ஆதலின் அப்பந்தயத்திற்கே ‘மீள அடைத்தல்’ என்னும் பொருளுடைய பெயரை இட்டனர். அவ்விளைஞரின் விளையாட்டு 20 ஆண்டுகளில், 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

பல்வேறு பற்சக்கரங்கள் உள்ள வண்டியால் பயன் இல்லை என்பதன்று. மிதிகட்டையோடு கூடிய சக்கரத்தில் 44 பல்லும் பின்னதில் 22 பல்லும் இருப்பின், ஒருமுறை மிதிக்கப் பின்சக்கரம் இருமுறை சுழலும். முன்னதிலும் 22 பல்லே ஆயின் ஒருமுறையே சுழலும். வேகம் பாதியாகும், காலுக்கு வேண்டிய வலிவும் பாதியாகும். மேட்டில் இதனால் வரும் நன்மை பெரிது. ஆயினும் எருது ஏறிய பாட்டைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வண்டியே போதும். ஏற முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. பஞ்சர் ஒட்டும் பொருளும் காற்றடிக்கும் பம்பும் மட்டும் உடன் இருத்தல் வேண்டும். கருவேல முள்ளுக்கு விலையுயர்ந்த வண்டி என்றும் எளிய வண்டி என்றும் வேறுபாடு இல்லை.

உழவர் கூறும் மறுப்பு ஒன்று உண்டு. வேடிக்கை பார்க்க வருவோர் வரப்பை மிதிப்பர், நிலக்கடலையைப் பிடுங்குவர், ஆடுமாட்டை வெருட்டுவர் என்று அவர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொய்யன்று. பாட்டை ஊருக்குப் பொதுவாயினும் விளைச்சல் ஒருவனுடைய உழைப்பு. எனவே வழி இது, வயல் இது என்று எல்லைக்கல் நாட்டிய பின்னரே வெளியூரார்க்கு வழிகாட்டுதல் முறை. உழவனுக்கும் இதனால் இழப்பில்லை. மூடிக்கிடந்த பாட்டை திறந்தால், அவனுடைய உழுவண்டியும் அதில் செல்லும்.

மலையின் மேலேயே வண்டி ஓட்டவேண்டும் என்போர் கூற்று ஏற்கத்தக்கதன்று. திருவண்ணாமலை வட்டாரத்து மக்கள் மலையைச் சுற்றிவருவதையே பெருமையாகக் கொண்டவர். அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து வலம்வருவது அவர் வழக்கம். குன்றின் சரிவில் சக்கரம் கீறிய தடத்தில் மழைநீர் இறங்கினால், அத்தடம் ஓடையாகி மண்ணை அரித்துவிடும். காட்டையும் கோயிற் படிகளையும் விட்டுவிட்டு, அடிவாரத்தையே வழியாகக் கொள்வது தகும்.

கீழ்பென்னாத்தூரை நடுவாகக் கொண்டால், மேற்கே சோமாசிபாடி முருகன் குன்றும், வடகிழக்கே மேல்மலையனூரும், தெற்கே வேட்டவலமும் ஒரு நாளில் சென்று மீளத்தக்கன. கிழக்கே செஞ்சி சற்றுத் தொலைவு. இராசகிரி மட்டும் 800 அடி உயரம். அதனை ஏறிக்காண அரைநாள் வேண்டும். மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் வைத்து, 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இக்கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இனிக் கோட்டையைக் காண வருவோர் பெருகுவர். நெடுஞ்சாலை வழியே வந்து நெடுஞ்சாலை வழியே மீள்வோர்க்கு, செஞ்சிக்கு அருகேயுள்ள திருநாதர் குன்று தெரியாமலே போகும். ஆங்கு ஒரு பாறையில் சமண தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் உருவங்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன; 57 நாள் உண்ணாநோன்பு ஏற்று உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழைய கல்வெட்டும் உண்டு. இத்தகையவற்றைக் காட்டுதற்கு உள்ளூர் மாணவரினும் தக்கவர் இலர். கிராமப் படத்தைக் கையிற்கொண்டு, வண்டிப்பாதை என்று குறித்த ஒவ்வொன்றிலும் அவர் ஒருமுறை ஓட்டிப்பார்த்து, எது திறந்துள்ளது, எது மூடியுள்ளது என்று எழுதிவைத்தால், ஊராட்சியார் எங்கே முள் வெட்டவேண்டும், எந்த ஓடையில் கல் பரப்பவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் ஏரிக் கலங்கல் வழிந்து பாட்டைகளை அறுக்கும். சேற்றில் சக்கரம் புதையும். பங்குனி பிறந்துவிட்டால் பாறையின் வெப்பம் தாங்காது. மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று திங்களும் ஏற்றவை. அவற்றுள்ளும் பௌர்ணமி நாளில் திருவண்ணாமலைப் பக்கமும், அமாவாசை நாளில் மேல்மலையனூர்ப் பக்கமும் வழியெல்லாம் மக்கள் வெள்ளமாக இருக்கும். அந்நாள்களில் வேட்டவலத்தை நோக்கிச் செல்வது நன்று.