எழும்பூரில் வென்ற கோப்பை... சிலியில் பறிபோன டிக்கெட்! ஹாக்கி தகுதிச்சுற்று கணக்கும் மாமல்லபுரம் அலையும்

செங்கல்பட்டு:

கோப்பை ஜெயித்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள், 2007-ல் சென்னை எழும்பூரில் நடந்ததையும் அதற்குச் சரியாக 6 மாதம் கழித்து சிலி நாட்டில் நடந்ததையும் ஒருமுறை சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

2007 செப்டம்பர் 9. ஞாயிற்றுக்கிழமை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய கோப்பை ஹாக்கி இறுதிப்போட்டி. செங்கல்பட்டில் மின்சார ரெயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் மைதானத்துக்கு ஆட்டோ கூட வேண்டாம், நடந்தே போய்விடலாம். அன்றைக்கு இந்தியா கோல் மழை பொழிந்தது. தென்கொரியாவை 7-2 என்று துவைத்து எடுத்தது. இந்திய ஹாக்கி மறுபடியும் எழுந்துவிட்டது என்று ரசிகர்கள் பட்டாசு வெடிக்காத குறைதான்.

2008 மார்ச் 9. சிலியின் தலைநகர் சாண்டியாகோ. பீஜிங் ஒலிம்பிக் தகுதிச்சுற்று இறுதிப்போட்டி. எதிரே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வீரர்களைச் சேர்த்து வந்த பிரிட்டன். இந்தியா 0-2 என்று தோற்றது. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி ஒரு ஒலிம்பிக் ஹாக்கியைக் கூட விடாமல் ஆடி, 8 தங்கம் வாங்கிய நாடு, 80 வருடத்தில் முதல் தடவையாக வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தது.

இடையில் 6 மாதம்தான். அதற்குள் அணி அப்படி என்ன கெட்டுப்போனது? உண்மையில் கோளாறு அந்த 6 மாதத்தில் இல்லை. அதற்கும் முன்னாலேயே நடந்துவிட்டது.

டிக்கெட் வேற, கோப்பை வேற

2007 ஆசிய கோப்பையில் ஒலிம்பிக் டிக்கெட் கிடையாது. அதை ஜெயித்தால் கோப்பை உண்டு, பேர் உண்டு, பீஜிங் மட்டும் கிடையாது. ஆசியாவுக்கான நேரடி டிக்கெட் 2006 டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருந்தது. அங்கே தங்கம் வாங்கிய தென்கொரியா டிக்கெட்டோடு ஊர் போய்ச் சேர்ந்தது. இந்தியாவுக்கு 5-வது இடம். ஆசிய விளையாட்டு ஹாக்கியில் பதக்கமே இல்லாமல் இந்தியா திரும்பியது அதுதான் முதல் முறை.

எழும்பூரில் 7 கோல் வாங்கிய அதே தென்கொரியா, பீஜிங் போவதற்கு அப்போதே தயாராக இருந்தது. 7 கோல் போட்ட இந்தியாதான் பெட்டி படுக்கையோடு சிலிக்குப் போக வேண்டி வந்தது.

அந்த வருடம் தகுதிச்சுற்று 3 ஊரில் நடந்தது. நியூசிலாந்தில் ஆக்லாந்து, சிலியில் சாண்டியாகோ, ஜப்பானில் ககாமிகஹாரா. ஊருக்கு ஒரே ஒரு டிக்கெட். இரண்டாவது வந்தாலும் கடைசி வந்தாலும் ஒன்றுதான். சாண்டியாகோவில் லீக் ஆட்டத்தில் பிரிட்டனிடம் 2-3 என்று தோற்றபோதே இந்தியாவுக்கு மணி அடித்துவிட்டது. மற்ற அணிகளைச் சாத்தியது எல்லாம் கணக்கில் வரவில்லை. அந்த ஒரு அணியை அந்த ஒரு நாளில் மடக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

பயிற்சியாளர் ஜோக்கிம் கார்வாலோ பதவி விலகினார். அடுத்த மாதமே இந்திய ஒலிம்பிக் சங்கம், கே.பி.எஸ்.கில் தலைமையில் இருந்த ஹாக்கி சம்மேளனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. சாண்டியாகோவில் போன ஒரு ஆட்டம் டெல்லியில் நாற்காலிகளையே ஆட்டிவிட்டது.

தகுதிச்சுற்று என்றால் கேவலமா?

கொல்லைப்புற வழியாக வருகிறவர்கள் என்று தகுதிச்சுற்று அணிகளை இளக்காரமாகப் பேசுவது உண்டு. அதே 2008-ல் ஜெர்மனியும் நேரடியாகப் போகவில்லை. ககாமிகஹாரா போய் ஆடி ஜெயித்துத்தான் பீஜிங் போனது. போய் தங்கத்தையே தூக்கிக்கொண்டு வந்தது!

இதற்கு நேர் எதிரான கதை இந்தியாவுடையது. 2012 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பிக் தகுதிச்சுற்று டெல்லி தயான்சந்த் மைதானத்தில். இறுதிப்போட்டியில் பிரான்சை 8-1 என்று இந்தியா நொறுக்கியது. சந்தீப் சிங் ஒருவரே 5 கோல். சாண்டியாகோ அவமானம் துடைக்கப்பட்டது என்று நாடே கொண்டாடியது. லண்டனில் என்ன ஆச்சு? 12 அணிகளில் 12-வது இடம். டிக்கெட் வாங்குவது ஒரு வேலை, போன இடத்தில் ஆடுவது இன்னொரு வேலை என்பதை அன்றைக்கு ரசிகர்கள் கசப்போடு தெரிந்துகொண்டார்கள்.

அதன் பிறகு வந்த டிக்கெட்டுகளைப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். 2014 இன்சியானில் பாகிஸ்தானை பெனால்டி ஷூட்-அவுட்டில் சாய்த்து தங்கம். அதனால் ரியோவுக்கு நேரடி டிக்கெட். 2018 ஜகார்த்தாவில் அரைஇறுதியில் மலேசியாவிடம் ஷூட்-அவுட்டில் தோல்வி, வெண்கலம்தான். அதனால் 2019 நவம்பரில் புவனேஸ்வரில் ரஷியாவோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. 4-2, 11-1 என்று ஜெயித்து டோக்கியோ போனார்கள். அங்கே 41 வருடம் கழித்து ஹாக்கி பதக்கம் வந்தது, வெண்கலம். 2023 ஹாங்சோவில் இறுதியில் ஜப்பானை 5-1 என்று வீழ்த்தி தங்கம். பாரீசுக்கு நேரடி டிக்கெட், அங்கேயும் வெண்கலம்.

ஆக, ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினால் நிம்மதி. வாங்காவிட்டால் எங்கேயோ ஒரு ஊரில், ஒன்றிரண்டு ஆட்டத்தில், 4 வருட உழைப்பை அடகு வைத்து ஆட வேண்டும்.

கார்த்தி, மாரீஸ்வரன் ஆடிய ஆட்டம்

இந்தத் தகுதிச்சுற்று கணக்கில் தமிழ்நாட்டுப் பசங்க நேரடியாகச் சம்பந்தப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. பலருக்கும் இது மறந்துபோயிருக்கும்.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசிய கோப்பை. 2023 உலக கோப்பைக்கான ஆசிய தகுதிச்சுற்றும் அதுவே. உலக கோப்பையை நடத்துகிற நாடு என்பதால் இந்தியாவுக்கு ஏற்கனவே இடம் இருந்தது. அதனால் பெரிய தலைகளை வீட்டில் விட்டுவிட்டு இளம் அணியை அனுப்பினார்கள். அரியலூர் கார்த்தி, கோவில்பட்டி மாரீஸ்வரன் இருவரும் அதில் இருந்தார்கள். பாகிஸ்தானுடன் 1-1 டிரா. இந்தியா போட்ட அந்த ஒரு கோல் கார்த்தியின் ஸ்டிக்கில் இருந்து வந்தது.

கடைசி லீக் ஆட்டம் இந்தோனேசியாவோடு. அடுத்த சுற்றுக்குப் போக இந்தியாவுக்கு குறைந்தது 15 கோல் வித்தியாசம் வேண்டும். யாரும் நம்பவில்லை. இந்தியா 16-0 என்று அடித்தது. வெளியே போனது பாகிஸ்தான். ஆசிய கோப்பையில் இருந்து மட்டும் இல்லை, 2023 உலக கோப்பையில் இருந்தும்!

4 முறை உலக கோப்பை வாங்கிய பாகிஸ்தான், டிக்கெட்டே தேவைப்படாத ஒரு இளம் இந்திய அணி போட்ட கோல்களால் உலக கோப்பைக்குப் போக முடியாமல் நின்றது. ஒலிம்பிக்கிலும் அதே கதைதான். 2016, 2020, 2024 என்று தொடர்ந்து 3 முறை பாகிஸ்தானுக்கு இடம் இல்லை. 2024 ஜனவரியில் மஸ்கட் தகுதிச்சுற்றில் நியூசிலாந்திடம் 2-3 என்று தோற்றபோது, ஒரே ஒரு கோலில் பாரீஸ் போனது. 2025 செப்டம்பரில் பீகார் ராஜ்கீரில் நடந்த ஆசிய கோப்பைக்கு பாகிஸ்தான் வரவே இல்லை. அதில் உலக கோப்பைக்கான நேரடி டிக்கெட் இருந்தது. இறுதிப்போட்டியில் தென்கொரியாவை 4-1 என்று வென்ற இந்தியா அதை எடுத்துக்கொண்டது. அரசியல் சண்டையில் யார் சரி, யார் தப்பு என்பது வேறு பேச்சு. மைதானத்துக்கு வராதவனுக்கு டிக்கெட் கிடையாது.

நடத்துற ஊருக்கு ஒரு லாபம்

போட்டியை நடத்துகிற நாட்டுக்கு இடம் உறுதி என்பது ஹாக்கியில் மட்டும் இல்லை. மாமல்லபுரம் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, நடத்துகிற நாடு என்பதால் இந்தியாவுக்கு இரண்டாவது அணி கிடைத்தது. மொத்த அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்ததால் மூன்றாவது அணியும் இறங்கியது. ஓபன் பிரிவில் வெண்கலம் வாங்கியது அந்த இரண்டாவது அணிதான். முதல் அணி இல்லை!

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலக கோப்பை ஹாக்கியிலும் இந்தியாவுக்கு அதே சலுகை. 24 அணிகள் வந்த போட்டி அது. அரைஇறுதியில் ஜெர்மனியிடம் தோற்ற இந்தியப் பசங்க, எழும்பூரில் நடந்த வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, பிறகு 4-2 என்று ஜெயித்தார்கள். பயிற்சியாளர் நம்ம ஸ்ரீஜேஷ்.

மாமல்லபுரத்துக்கே வந்த தகுதிச்சுற்று

ஹாக்கிக்காக சிலி வரை போக வேண்டியிருந்த நாட்டுக்கு, இன்னொரு விளையாட்டில் தகுதிச்சுற்று மாமல்லபுரம் கடற்கரைக்கே வந்தது. 2025 ஆகஸ்டு 3 முதல் 12 வரை ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அங்கே நடந்தது. 2026 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான தகுதிச்சுற்றும் அதுவே. ஆண்கள் ஓபன் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

மீன்பிடி படகு இறக்குகிற அதே அலையில் பலகை போட்டுப் பழகிய குப்பத்துப் பசங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. காரணம் சாதாரணம்தான். அலை தெரிந்த அலை. எந்த மாதம் எப்படி எழும்பும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் சின்ன வயதில் இருந்தே பார்த்தது. சாண்டியாகோவில் இந்திய ஹாக்கி அணிக்கு இல்லாததும், 2012 டெல்லியில் இருந்ததும் இதே சொந்த ஊர் பலம்தான்.

ஹாக்கியில் இந்தப் பலம் மைதானத்தில் இருந்து தொடங்குகிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததில் இருந்தே புல் தரையில் பழகியவர்கள் திணறினார்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் மண் தரையில் ஸ்டிக் பிடிக்கிற பையனுக்கு இன்றைக்கும் அதே பிரச்சினைதான். மண்ணில் பந்து தாறுமாறாகத் துள்ளும், அதனால் கை நிதானமாகப் போகும். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும், கை நினைப்பதற்குள் பந்து தாண்டிவிடும். இரண்டுக்கும் கால் வைக்கிற விதமே வேற.

மாவட்ட அணித் தேர்வு, மாநில அணித் தேர்வு, தேசிய முகாம் என்று அந்தப் பையனுக்கும் வரிசையாகத் தகுதிச்சுற்றுதான். ஒவ்வொன்றிலும் ஒரு நாள், ஒரு ஆட்டம். அன்றைக்கு முதன்முதலாக டர்ஃபில் கால் வைக்கிறவன், தினமும் அதில் ஓடுகிறவனோடு மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கார்த்தியும் மாரீஸ்வரனும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்து மேலே வந்தவர்கள். மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிற மாவட்டம் செங்கல்பட்டு. இந்த மாவட்டத்துப் பையன் டர்ஃபைத் தேடி எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் அவனுக்கு அது கிடைக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

20 நாள் இடைவெளி

2026-க்கு அட்டவணை போட்டவர்கள் ஒரு சிக்கலையும் சேர்த்தே வைத்தார்கள். பெல்ஜியம், நெதர்லாந்தில் உலக கோப்பை ஆகஸ்டு 15 முதல் 30 வரை. ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு செப்டம்பர் 19 தொடக்கம். இடையில் 20 நாள். உலக கோப்பை பெரிய பேர். 1975-க்குப் பிறகு இந்தியா அதை வாங்கியதே இல்லை. ஆனால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கான நேரடி டிக்கெட் ஐச்சி-நகோயா தங்கத்தோடுதான் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரே வீரர்களை இரண்டு பக்கமும் ஓட வைத்தால் கால் தாங்குமா, இல்லை அணியை இரண்டாகப் பிரித்தால் இரண்டும் பலவீனமாகுமா? தோகாவில் 5-வது வந்துவிட்டு எழும்பூரில் 7 கோல் போட்டதால் என்ன கிடைத்தது என்பது இந்திய ஹாக்கிக்குத் தெரியும். தோகாவில் விட்ட டிக்கெட்டைத் தேடித்தான் அணி சிலிக்குப் போனது.