கற்பிக்காத மொழிக்குத் தேர்வு

சக சிற்றிதழ் ஒன்றின் அண்மை இதழில் வந்த கட்டுரை, ஐரோப்பாவில் குடியேறிய முஸ்லிம்கள் அந்தந்த நாட்டு மொழியைக் கற்காததற்கு அவர்களுடைய மதமே காரணம் என்கிறது. அரபியைத் தெய்வமொழியாகக் கொண்டவர் இன்னொரு மொழிக்குள் குடிபுகமாட்டாராம். சான்று, ஜெர்மனியின் துருக்கியர். ‘நாகரிகங்களின் மோதல்’ என்ற ஹண்டிங்டனின் சட்டகத்தில் எல்லாம் பொருந்திவிடுகிறது, வரலாறு மட்டும் வெளியே நிற்கிறது. இஸ்லாமியப் புலவர்களான உமறுப்புலவரும் குணங்குடியாரும் எழுதிய மொழியில் இப்படி ஒரு வாதம் அச்சேறியதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம்.

1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் ஆளெடுப்பு ஒப்பந்தம் செய்தது. இரண்டு ஆண்டு வேலை, பிறகு ஊர் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்றே ஆண்டில் அந்த வரம்பு நீங்கியது. பழகிய ஆட்களை இழக்க ஆலை முதலாளிகள் விரும்பவில்லை. ஆனால் திரும்பிப் போகிறவர்கள்தானே என்ற நினைப்பு அரசிடமிருந்து போகவேயில்லை. ஆலையை ஒட்டிய விடுதி, ஷிப்ட், தூக்கம். இவற்றுக்கு நடுவே யார் யாருக்கு மொழி கற்பிப்பது? 1973இல் ஆளெடுப்பு நின்றது, குடும்பங்கள் வந்துசேர்ந்தன. பவேரியாவில் பிள்ளைகளுக்குத் துருக்கி மொழியிலேயே தனி வகுப்புகள் நடத்தினார்கள், நாளை ஊர் திரும்பினால் உதவும் என்று. 1983இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, வேலையிழந்தவர் நாட்டைவிட்டுப் போனால் 10,500 மார்க் தருவதாகச் சொன்னார்கள். மானிய வகுப்புகள் ஆங்காங்கே இருந்தன. சட்டப்படி உரிமையுள்ள மொழிவகுப்போ 2005 ஜனவரியில்தான் வந்தது, 600 மணி நேரம். 1961க்கும் 2005க்கும் நடுவே ஒரு தலைமுறை வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டது.

2007இல் இன்னொரு சட்டம். கணவரிடம் வந்துசேர விரும்பும் மனைவி, அனத்தோலியக் கிராமத்திலிருந்து புறப்படுமுன்பே ஜெர்மன் தேர்வு எழுத வேண்டும். கணவர் அமெரிக்கரோ ஜப்பானியரோ என்றால் தேர்வு இல்லை. துருக்கியர் விஷயத்தில் இது துருக்கியுடன் ஐரோப்பியச் சமூகம் செய்திருந்த ஒப்பந்தத்துக்கு முரண் என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம்தான் காரணம் என்று எழுதுகிறவர் இந்தச் சட்டங்களில் ஒன்றையாவது குறிப்பிட வேண்டாமா? முப்பது ஆண்டு வாழ்ந்தும் ஜெர்மன் பேசாத பெண்கள் உண்டு, வகுப்புக்கு அனுப்ப மறுத்த ஆண்களும் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. அதைக் குரானில் தேடுவதற்கு முன் அந்த நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பதில் சொல்லுங்கள் என்கிறோம்.

சமிஸ்ஸோவை எங்களில் பலர் இளம் வயதில் கொண்டாடிப் படித்தோம். தன் நிழலை விற்ற மனிதனின் கதையை 1814இல் ஜெர்மனில் வெளியிட்டவர், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. ஜெர்மன் அவர் தாய்மொழி அன்று. பிறமொழியிலிருந்து ஜெர்மன் இலக்கியத்துக்கு வந்தவர்களுக்கு அவர் பெயரால் 1985 முதல் 2017 வரை ஒரு விருது தந்தார்கள். பெற்றவர்களில் துருக்கியில் பிறந்தோர் பலர். கட்டுரையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

செம்ரா எர்டானும் இல்லை. 1972இல் பெற்றோரிடம் வந்துசேர்ந்த சிறுமி. மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார், இரு மொழிகளிலும் கவிதை எழுதினார். அந்நியர் வெறுப்பை எதிர்த்து 1982இல் ஹாம்பர்க் நகரில் தீக்குளித்து இறந்தார். ஜெர்மன் தெரியாமல் அவர் சாகவில்லை. மொழி கற்றால் ஏற்றுக்கொள்ளப்படுவார்கள் என்று நம்புகிற எவரும் முதலில் அவரைப் படிக்க வேண்டும்.

அதே ஜெர்மனிக்கு எண்பதுகளில் ஈழத்திலிருந்து நம்மவர் அகதிகளாகப் போனார்கள். வேலை செய்யத் தடை. அனுமதியின்றி மாவட்ட எல்லையைத் தாண்டவும் முடியாது. அந்த அகதி வாழ்க்கைக்குள்ளிருந்து தமிழில் சிற்றிதழ் நடத்தினார்கள். அதை நாம் மொழிப்பற்று என்று போற்றுகிறோம். துருக்கியர் தம் மொழியில் இதழ் நடத்தினால் அது ஒன்றிக் கலக்க மறுப்பதா? புலம்பெயர் இலக்கியத்துக்குச் சிறப்பிதழ் போட்டவர்கள் புலம்பெயர்ந்தோருக்குள் சாதி பிரிப்பதுபோல் மதம் பிரிப்பது வெட்கக்கேடு. கடன்வாங்கிய வெறுப்பைச் சிந்தனை என்று அச்சிடுவது இப்போது நம் இதழ்களில் பரவிவரும் நோய்.

எர்டானின் கவிதைகள் 2020இல் இரு மொழிகளிலும் நூலாகியுள்ளன. ஜெர்மனோ துருக்கியோ அறிந்த வாசகர்கள் அவற்றைத் தமிழாக்க முன்வர வேண்டும். பதிப்பாளர் அனுமதியை நாங்கள் பெறுகிறோம். எதிர்வினை எழுத விரும்பும் கட்டுரையாளருக்கும் எங்கள் பக்கங்கள் திறந்திருக்கின்றன.