காணிக்கைக்கு முன் கணக்கு



சிறு நகைக்கடை தொடங்க எண்ணும் குடும்பத்தார் சிலர் அவ்வப்போது நம்மிடம் வந்து, "சாமி, வரும் இலாபத்தில் எவ்வளவு கோயிலுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்க வேண்டும்? பத்தில் ஒன்று போதுமா?" என்று வினவுவதுண்டு. நல்ல உள்ளத்திலிருந்து எழும் கேள்வி அது. ஆயினும் அஃது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதற்கேள்வி வேறு: அந்த இலாபம் யாருடைய உழைப்பிலிருந்து, எவ்வழியாக வருகின்றது? இதற்கு விடை காணாமல் கொடுக்கப்படும் காணிக்கை, ஒருவனது சட்டைப் பையிலிருந்து எடுத்து மற்றொருவனது பையில் இடுவதாக முடிந்துவிடக் கூடும்.

நம் முத்துக்குளித்துறைக் கரையோரத்தார்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. நம் முன்னோர் உடலாலேயே இப்பாடத்தைக் கற்றனர். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயணக் கையேடு ஒன்று, பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகையில், தண்டனை பெற்ற குற்றவாளிகளே அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகின்றது. உரோமைச் சீமாட்டிகளின் கழுத்தில் ஒளிவீசிய முத்து எவர் கையால் எடுக்கப்பட்டதென்பதை அவர்கள் அறிந்திருப்பார்களா?

பிற்காலத்தில் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்க்குப் பின் ஆங்கிலேயர் ஆண்டனர். கொடி மாறியதேயன்றிக் குளிப்பவன் பாடு மாறவில்லை. ஆங்கிலேயர் காலத்துச் சலாபத்தில் கரைசேர்ந்த சிப்பிகளுள் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது. எஞ்சிய ஒரு பங்கே குளித்தவர்க்கும் தோணியார்க்கும் கிடைத்தது. குளிகல்லைக் காலில் பற்றி, மூச்சை அடக்கிப் பல பாகம் ஆழத்தில் இறங்கியவன் பெற்ற பங்கு அவ்வளவே. மேலே கயிறு பிடிப்பவன் மைத்துனனாகவே இருக்க வேண்டும், தன் உடன்பிறந்தாளை விதவையாக்க அவன் மனம் துணியாது என்று நம் கரையில் வழங்கும் பேச்சு, அத்தொழிலின் ஆபத்தை எந்த நூலினும் தெளிவாக உரைக்கின்றது.

1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார், மக்களை ஒடுக்கிய போர்த்துக்கீசிய அதிகாரியைக் கண்டித்துக் கடிதங்கள் எழுதினார். அவர் செய்த மற்றொரு செயலும் நம் சிந்தனைக்கு உரியது. இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் திரட்டப்பட்ட வருவாயில் 4,000 பொற்பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பணத்தை நம் சிறார்க்கு மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார்களின் ஊதியத்திற்குத் தருமாறு சவேரியார் கேட்டுப் பெற்றார். அரசியின் தாராளத்தை நாம் போற்றலாம். எனினும் ஒன்றை மறத்தலாகாது. அப்பணம் நம் கரையாரின் உழைப்பிலிருந்தே எடுக்கப்பட்டது; அது நம் குழந்தைகளிடமே திரும்பி வந்தது. நம் காணிக்கைகளிலும் இவ்வாறு திரும்பிப் போக வேண்டியவை உளவா என்று பார்த்துக்கொள்வது நலம்.

அதே நூற்றாண்டில் கடல் கடந்த மற்றொரு நாட்டிலும் இவ்வுண்மை ஒருவரது உள்ளத்தைத் தைத்தது. கூபா தீவில் நிலமும் அடிமைகளும் உடையவராய் வாழ்ந்த குரு பர்த்தொலொமேயு தெ லாஸ் காசாஸ், 1514-இல் தூய ஆவியின் திருவிழாவுக்கு மறையுரை ஆயத்தம் செய்கையில், சீராக் ஞானநூலின் 34-ஆம் அதிகாரத்தை வாசித்தார். அநீதியாய் ஈட்டியதைப் பலியாகச் செலுத்துவோனை இறைவன் ஏற்பதில்லை என்பதும், வேலையாளின் கூலியைப் பறிப்பது அவன் இரத்தத்தைச் சிந்துவதற்கு ஒப்பாகும் என்பதும் அங்குள்ள போதனை. அவர் தம் அடிமைகளை விட்டுக்கொடுத்தார். பின்னாளில், தென் அமெரிக்கக் கரையில் முத்துக்குளிக்க ஏவப்பட்ட பூர்வகுடிகள் பட்ட கொடுமையை உலகறிய எழுதினார். முத்துக்குளிப்போரின் கண்ணீர் அக்கடலிலும் இக்கடலிலும் ஒரே உப்பாகவே இருந்திருக்கின்றது.

நம் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே இறுதிச் சலாபத் தொடர். 1973-இல் தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். எனினும் இன்று கடைகளில் கோக்கப்படும் முத்துகளுள் பெரும்பாலானவை சீன நாட்டு நன்னீர்ச் சிப்பிகளில் வளர்க்கப்பட்டவை. அவற்றை விற்பதில் பிழையில்லை. "தூத்துக்குடி முத்து" என்று சொல்லி விற்பதே பிழை. வளர்ப்பு முத்தை வளர்ப்பு முத்தென்றும், கண்ணாடி மணியைக் கண்ணாடி மணியென்றும் சீட்டில் எழுதிக் கொடுக்கும் கடைக்காரர், நாம் அறிந்தவரை, வாடிக்கையாளரை இழப்பதில்லை.

பொன்னின் காரியமும் இவ்வாறே. 2021 முதல் நகைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகின்றது. ஆண்டு விற்பனை நாற்பது இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு கடைகளுக்கு அவ்விதியில் விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் விலக்கு அளிக்கலாம், மனச்சான்று அளிப்பதில்லை. வயல்வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகளுக்குக் கம்மல் வாங்கும் தாய், 916 என்பதன் பொருளை அறியாதிருக்கலாம். அவள் அறியாமை நம் இலாபம் ஆகலாகாது.

பட்டறையில் இருப்பவரையும் நினைப்போம். வாடிக்கையாளரிடம் சேதாரமும் செய்கூலியும் கணக்காக வாங்கும் கடை, அச்செய்கூலியில் எவ்வளவை ஆசாரியின் கையில் கொடுக்கின்றது? காட்மியம் கலந்த பற்றாசு கொண்டு ஒட்டப்பட்ட கே.டி.எம். நகைகள் ஒரு காலத்தில் பெருமையாகப் பேசப்பட்டன. அப்புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்குமென்பதை அறிந்த பின்னரும் மலிவு கருதி அதனை நாடுவோர், நகையோடு ஒரு தொழிலாளியின் ஆயுளையும் உருக்குகின்றனர். பட்டறைக்குக் காற்றோட்டமும், உழைப்புக்கு உரிய நாளில் கூலியும் அளிப்பது தர்மமன்று, கடன். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் உலகத் திருச்சபைக்குக் கற்பித்ததும் இதுவே.

பொன் வரும் வழியும் நம் அக்கறைக்கு உரியது. உலகில் மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு பொற்சுரங்கங்களிலிருந்து வெளிப்படுகின்றது; அங்கு உழைப்போருள் சிறுவரும் உளர். நம் ஊர்ச் சிறு கடைக்காரர் ஆப்பிரிக்கா சென்று விசாரித்து வர இயலாது. ஆயின் தெரிந்த குடும்பங்களின் பழைய நகையை உரிய சீட்டோடு வாங்கி உருக்கிப் புதிது செய்ய இயலும். சீட்டும் முகவரியும் தர மறுப்பவரிடம், விலை எவ்வளவு மலிவாயினும், "வேண்டாம்" என்று சொல்லவும் இயலும்.

சிப்பி, சங்கு அணிகள் விற்போர்க்கும் ஒரு சொல். 2001-இல் பவளப் பாறைகளும் சில கடற்சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியதால் நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் அடைந்த சேதத்தை நாம் கண்ணாரக் கண்டோம். கடல், வாயில்லாத கூட்டாளி. அதன் பங்கை நாமே எடுத்து வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின், முதற்கண் வந்த கேள்விக்கு வருவோம். எவ்வளவு கொடுப்பது? அளவை நாம் விதிக்க மாட்டோம். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசை ஆண்டவர் எவ்வாறு மதித்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். மூன்று யோசனைகள் மட்டும் கூறுவோம். ஆண்டு முடிவில் மிஞ்சியதைப் பார்த்துக் கொடாமல், வாரந்தோறும் கணக்கு முடிக்கும்போதே ஏழைகளின் பங்கைத் தனி உண்டியலில் இடுக. கொடுப்பதை விளம்பரப் பலகையில் எழுதாதிருங்கள். தர்மத்தைக் காட்டி நகை விற்பது தர்மத்தையே விற்பதாகும். யாரால் வாழ்கின்றீர்களோ அவர்கள் பக்கம் முதலில் பாருங்கள். காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்கு குளிக்க இறங்குவோர் இன்றும் நம் பங்குகளில் உளர். அவர்கள் எடுக்கும் சங்கு வளையலாகி வங்கத்து மணப்பெண்களின் கையை அணி செய்கின்றது. அவர்களது பிள்ளை ஒன்றின் பள்ளிச் செலவை ஏற்கும் நகைக்கடை, பனிமய அன்னைக்குப் பொற்காசு மாலை சூட்டியதினும் குறைந்த காணிக்கை செலுத்தியதாக நாம் எண்ணவில்லை.

விண்ணரசுக்கு உவமையாக ஆண்டவர் ஒரு முத்து வணிகனைக் காட்டினார். விலையுயர்ந்த முத்தைக் கண்ட அவன், தனக்கிருந்த யாவற்றையும் விற்று அதனை வாங்கினான். விற்றவனின் அறியாமையைப் பயன்படுத்தி விலை குறைத்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. நம் வணிகர் குடும்பங்களும் அவ்வாறே முழு விலை கொடுக்கக் கற்பார்களாக. அப்போது அவர்கள் பீடத்தில் வைக்கும் காணிக்கை சிறிதாயினும் தூயதாக இருக்கும்.