அடாப்டர் ஆம்பியரைக் கூட்டாது

அமெரிக்காவில் கோடைப் பயணத்துக்கு முன், வாசலில் நிற்கும் ஆர்.வி. எனப்படும், வீட்டு வசதிகள் கொண்ட பயண வண்டியைக் குளிர வைக்கப் பலர் ஓர் அடாப்டரை மாட்டி கராஜ் பிளக்கில் செருகிவிடுகிறார்கள். ஏசி ஓடும், கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் விழும்.

இத்தகைய பல வண்டிகள் கேட்பது 30 ஆம்பியர். வீட்டு பிளக் தருவது 120 வோல்ட்டில் 15 அல்லது 20. கூரையில் உள்ள 13,500 பிடியூ ஏசி ஒன்றே ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு. அதே லைனில் ஃபிரிட்ஜும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இன்னும் மோசம்: வோல்டேஜ் இறங்கும், பிளக் முனை பழுப்பேறி உருகும். ஏசியில் பொருத்தும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் கருவியும் கம்ப்ரசரின் தொடக்க இழுப்பை மட்டுமே குறைக்கும்.

தனி 30 ஆம்பியர் லைன் போடுவதே சரி. அதையும் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும். துணி டிரையர் பாயின்ட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிட்டால், வண்டிக்குள் மைக்ரோவேவ் முதல் ஏசி வரை புகைந்துவிடும்.