இஞ்சி மஞ்சள் சாறு: குடியுங்கள், ஆனால் கணக்குப் போட்டுக் குடியுங்கள்

பேரங்காடிகளின் குளிர்பெட்டியில் பழச்சாறு வரிசைக்குப் பக்கத்தில் இப்போது விரல் உயரக் குப்பிகள் நிற்கின்றன. இஞ்சி, மஞ்சள், எலுமிச்சை கலந்த அந்தச் சாற்றுக்கு 'வெல்னஸ் ஷாட்' என்று பெயர். ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும். விலையோ ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைவிட அதிகம். அதே சாற்றை வீட்டில் தயாரிப்பது எப்படி என்று காட்டும் காணொளிகள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். வகுப்பிலும் கேள்விகள் வருகின்றன. "டீச்சர், இதைக் குடித்தால் சளி பிடிக்காதா?" "தேர்வு நேரத்தில் பசியாறாமல் இதை மட்டும் குடிக்கலாமா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் குடிக்கலாம், கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்வது இன்னும் நல்லது. ஆனால் அதை உணவாகக் குடியுங்கள், மருந்தாகக் குடிக்காதீர்கள். கேட்பதற்குச் சிறிய வேறுபாடாகத் தோன்றும். நோய் வந்த வீட்டில் அது பெரிய வேறுபாடு.

செய்து பார்ப்போம்

நான்கு குப்பிக்கு 60 கிராம் இஞ்சி, 40 கிராம் பச்சை மஞ்சள், நான்கு எலுமிச்சம்பழங்களின் சாறு (ஏறத்தாழ 80 மில்லிலிட்டர்), கொதித்து ஆறிய தண்ணீர் 120 மில்லிலிட்டர், ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போதும். எலுமிச்சைக்குப் பதில் லிமாவ் கஸ்தூரியும் பிழியலாம். காலைச் சந்தையில் பெந்தோங் இஞ்சி கிடைத்தால் காரம் நன்றாக ஏறும்.

இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் விளைபவை. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைக் கரண்டி விளிம்பால் சுரண்டி, மறுபடியும் கழுவுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீர் சேர்த்து அரைத்து, சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். எலுமிச்சைச் சாற்றையும் மிளகையும் கடைசியில் சேருங்கள். கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். புளிப்பு பல கிருமிகளின் வளர்ச்சியைக் குறைக்கும், எல்லாவற்றையும் கொல்லாது. காலையில் பைக்குள் வைத்த சாற்றை நம் ஊர் வெயிலில் மதியம்வரை வைத்திருந்து குடிப்பது நல்லதல்ல.

வேலை முடிந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவும்போது கவனியுங்கள். விரலில் இருந்த மஞ்சள் கறை செந்நிறமாக மாறும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். சவர்க்காரம் காரத்தன்மை கொண்டது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஓர் இயற்கைக் காட்டி. ஆலம் சுற்றும் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதே வேதியியல்தான். பாடநூலில் படித்த காடியும் காரமும் உங்கள் விரல் நுனியிலேயே இருக்கின்றன.

வைட்டமின் சி கணக்கு

'வைட்டமின் சி நிறைந்தது' என்பது இந்தக் குப்பிகளின் முதல் வாக்குறுதி. சரிபார்ப்போம். 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. நம் குப்பி ஒன்றில் இருப்பது 20 மில்லிலிட்டர் சாறு. ஆக, ஒரு குப்பிக்குச் சுமார் 6 மில்லிகிராம். உங்கள் வயதினருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் வேண்டும். சாற்றை மட்டும் நம்பினால் பதினொரு குப்பி குடிக்க வேண்டும்!

கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. அசாம் போய் தூள் தூவி விற்கிறார்களே, அந்தக் கொய்யாவில் ஒரு நல்ல துண்டு சாப்பிட்டாலே அன்றைய தேவை முடிந்தது. அழகான குப்பியும் ஆங்கிலப் பெயரும் கொய்யாவுக்கு இல்லை. அவ்வளவுதான் குறை.

எலுமிச்சை இனப் பழங்கள் ஒரு காலத்தில் உண்மையிலேயே உயிர் காத்தன. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வகைச் சிகிச்சை. ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவர்தான் விரைவில் தேறினார்கள். ஆனால் இதிலுள்ள பாடத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். அந்த மாலுமிகள் பல வாரங்களாகப் பழமோ காய்கறியோ காணாதவர்கள். ஸ்கர்வி என்பதே வைட்டமின் சி பற்றாக்குறையால் வருவது. பற்றாக்குறை உள்ளவருக்கு அது மருந்து. போதிய அளவு உள்ளவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறும்.

அப்படியானால் சளி? வைட்டமின் சி பற்றி நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அதில் 11,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இருந்தன. நாள்தோறும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்குச் சராசரியாக 8 விழுக்காடு சீக்கிரம் நீங்கியது. ஏழு நாள் சளி என்றால் அரை நாள் மிச்சம். நம் குப்பியில் இருப்பதோ 6 மில்லிகிராம்.

மஞ்சளின் 2000 விழுக்காடு

மஞ்சளைப் பற்றிய காணொளிகளில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: 'மிளகு சேர்த்தால் 2000 விழுக்காடு கூடுதல் பலன்.' இது கற்பனை அல்ல. 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு. மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் குர்குமின் அத்தனை மடங்கு கூடியது.

ஆனால் விழுக்காட்டைப் பார்த்தவுடன் 'எதிலிருந்து?' என்று கேட்பது அறிவியல் மாணவரின் கடமை. மிளகு இல்லாமல் கொடுத்தபோது இரத்தத்தில் கண்டறியப்பட்ட குர்குமின் மிக மிகக் குறைவு, சில வேளைகளில் கண்டறிய முடியாத அளவு. கிட்டத்தட்ட இல்லாத ஒன்று இருபது மடங்கானாலும் அது சிறிய அளவுதான்.

குப்பியின் கணக்கையும் போடுவோம். அதில் 10 கிராம் பச்சை மஞ்சள். அதில் சுமார் 8 கிராம் தண்ணீர். மீதி 2 கிராமில் ஏறத்தாழ 3 விழுக்காடு குர்குமின் வகைப் பொருள்கள், அதாவது 60 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்ததோ 2000 மில்லிகிராம். மேலும் குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே வடிகட்டும்போது அதில் ஒரு பங்கு துணியிலுள்ள சக்கையோடு போய்விடும். எண்ணெயில் தாளித்து மிளகும் மஞ்சளும் சேர்க்கும் நம் வீட்டுச் சமையல், இந்த ஒரு விஷயத்தில் குப்பியைவிட வேதியியலுக்கு நெருக்கமானது!

எரிந்தால் வேலை செய்கிறதா?

ஒரு மடக்கு குடித்ததும் தொண்டை எரியும், நெஞ்சு சூடாகும். 'ஆ, மருந்து வேலை செய்கிறது' என்று மனம் சொல்லும். இந்தப் பானம் இவ்வளவு விற்பதற்கு அந்த உணர்வே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால், நம் நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் ஒரு புரதத்தைத் தூண்டுகிறது. மிளகாய்க் காரமும் அதே புரதத்தைத்தான் தூண்டுகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தூண்டப்பட்ட நரம்பு 'சூடு' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கே கிருமி எதுவும் எரியவில்லை. இஞ்சியைக் காயவைத்தால் ஜிஞ்சராலின் ஒரு பகுதி ஷோகால் என்னும் இன்னும் காரமான பொருளாகிறது. சுக்கின் கூடுதல் காரத்துக்கு அதுதான் காரணம்.

இஞ்சிக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. குமட்டலைக் குறைக்க அது ஓரளவு உதவும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அந்த ஒரு சான்றைக் கொண்டு பத்து நோய்களுக்கும் அதுவே மருந்து என்று சொல்வதுதான் தவறு.

மழுப்பலான சொற்கள்

'உடலின் நச்சை நீக்கும்' என்கிறார்கள். எந்த நச்சு என்று பெயர் சொல்வதில்லை. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. கல்லீரலும் ஓய்வின்றி அதே பணியில் இருக்கிறது. அறுபது மில்லிலிட்டர் சாறு அவற்றுக்கு உதவியாளர் ஆகிவிடாது.

'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்கிறார்கள். அது ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவது போன்ற ஒன்று அல்ல. எதிர்ப்பு அமைப்பு தேவையின்றிப் பொங்கினால் வருவதுதான் ஒவ்வாமை. நமக்கு வேண்டியது சமநிலை. அதற்குத் தூக்கம், சத்துணவு, தடுப்பூசி ஆகியவை நன்கு அறியப்பட்ட வழிகள்.

ஏன் இவ்வளவு மழுப்பலாகப் பேசுகிறார்கள்? நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. 'சக்தி', 'நலம்', 'புத்துணர்ச்சி' என்றால் பிடிபடாமல் தப்பிக்கலாம். இப்படிப்பட்ட சொற்களைக் கண்டால் 'இதை எப்படி அளப்பது?' என்று கேளுங்கள். அளக்க முடியாததை நிரூபிக்கவும் முடியாது.

எங்கே ஆபத்து?

'குடித்தால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது. ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பல். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2.5க்கு அருகில். பல் எனாமல் 5.5க்குக் கீழே கரையத் தொடங்குகிறது. பிஎச் அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பது நினைவிருக்கிறதா? மூன்று எண் இறங்கினால் ஆயிரம் மடங்கு காடித்தன்மை. குடித்ததும் வெறும் நீரில் வாய் கொப்பளியுங்கள். குறைந்தது அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்.

இரண்டாவது, வீட்டில் மருந்து உட்கொள்ளும் பெரியவர்கள். தாத்தா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுக்கிறாரா? பித்தப்பையில் கல் உள்ளவர் யாரேனும் உண்டா? அவர்களுக்குச் செறிவான இஞ்சி, மஞ்சள் சாற்றை அன்போடு நீட்டும் முன் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, தினமும் செறிவாகக் குடிப்பது வேறு.

மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. நம் நாட்டில் டெங்கிக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் உண்டு. 'கஷாயம் குடி, சாறு குடி, சரியாகிவிடும்' என்று இரண்டு மூன்று நாள் காத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் சிலருக்கு நிலைமை மோசமாகிறது. அப்போது சாறுதான் காய்ச்சலை இறக்கியது என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. உணவை மருந்து என்று அழைப்பதற்கு நாம் தரக்கூடிய உண்மையான விலை இதுதான்.

பாட்டி சொன்னது பொய்யா?

இஞ்சி, மஞ்சள் பற்றிக் கேள்வி கேட்டாலே நம் மரபை இழிவுபடுத்துவதாகச் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தொண்டை கட்டினால் சூடாகச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த பாட்டி, அதைக் குப்பியில் அடைத்து வாக்குறுதி ஒட்டி விற்கவில்லை. காய்ச்சல் விடாவிட்டால் 'கிளினிக்குக்குக் கூட்டிப் போ' என்று சொன்னதும் பல வீடுகளில் அதே பாட்டிதான். மரபில் வந்ததைச் சோதித்துப் பார்ப்பது அதை மதிப்பதன் ஒரு வழி. பெங்களூர் ஆய்வாளர்கள் செய்ததும் அதுதான்.

அடுத்த கேண்டின் தினத்தில் உங்கள் அறிவியல் கழகம் இந்தச் சாற்றை விற்கலாமே. அதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் டிசிபிஐபி கரைசலைக் கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். இன்று பிழிந்த எலுமிச்சைச் சாறு, மூன்று நாள் வைத்த சாறு, கொதிக்கவைத்த சாறு, கொய்யாச் சாறு ஆகிய நான்கையும் எடுங்கள். ஒரே அளவு நீலக் கரைசலின் நிறத்தைப் போக்க ஒவ்வொன்றிலும் எத்தனை துளி வேண்டும் என்று எண்ணுங்கள். குறைந்த துளி போதுமென்றால் வைட்டமின் சி அதிகம்.

பிறகு குப்பியில் ஒட்டும் லேபிளை நீங்களே எழுதுங்கள். இஞ்சி, மஞ்சள், எலுமிச்சை, தண்ணீர், மிளகு. தயாரித்த நாள். மூன்று நாளுக்குள் குடிக்கவும். வைட்டமின் சி சுமார் 6 மில்லிகிராம். பசியாறலுக்கு மாற்று அல்ல. இவ்வளவும் உண்மை. இதற்குமேல் ஒரு சொல் சேர்க்க விரும்பினால், அதற்கான சான்றையும் மேசைமேல் வையுங்கள்.